ஆளுநரைப் பற்றி ஒரு தகவல் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் ஓர் அரசாணையின் படம் வந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் யாரோ போட்டோ எடுத்திருந்தார்கள். அடியில் இருந்த "(ஆளுநரின் ஆணைப்படி)" என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, "அரசைக் கேட்காமல் ஆளுநரே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று மேலே எழுதியிருந்தது. குழுவில் பாதிப் பேர் கொதித்தார்கள். மீதிப் பேர் "சரியான ஆளுநர்தான்" என்று கைதட்டினார்கள்.

அந்த வரி எல்லா அரசாணையிலும் இருக்கும். மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் எல்லாம் ஆளுநரின் பெயரால்தான் எடுக்கப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு சொல்கிறது. முடிவெடுப்பது அமைச்சரவையோ துறையோ. கையெழுத்துப் போடுவது துறைச் செயலாளர். வரி மட்டும் ஆளுநர் பெயரில். என் அம்மாவின் ஓய்வூதியக் கோப்பில் ஒரு பழைய அரசாணை இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். அதே அடைப்புக்குறி, அதே சொற்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. உண்மை சரிபார்ப்புக்குப் புதிதாக வருபவர்கள் போலிப் படத்தையும் வெட்டி ஒட்டிய வீடியோவையும் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆளுநர் விஷயத்தில் அவை உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் உண்மையான ஆவணத்தைத் தவறாகப் படிப்பதால் வருபவை. ஆளுநர் பதவி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கூற்றை ஒரே வரியில் எழுதுங்கள்

வந்த செய்தியை அப்படியே சரிபார்க்க முடியாது. "நீட் மசோதாவை ஆளுநர் நிராகரித்து மாணவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டார்" என்று ஒரு பதிவு வருகிறது என்று வையுங்கள். துரோகமா இல்லையா என்பது கருத்து, அதை விட்டுவிடுங்கள். "நீட் மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்" என்பது மட்டும் மிஞ்சும். இதைச் சரிபார்க்கலாம். ஒரு பதிவில் மூன்று கூற்றுகள் இருந்தால் மூன்று வரிகளாக எழுதுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

எழுதிய வரியில் மூன்று சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: யார், என்ன செய்தார், எப்போது.

யார் அந்த ஆளுநர்?

இது அற்பமான கேள்வி போலத் தோன்றும். தமிழில் ரிசர்வ் வங்கியின் தலைவரையும் ஆளுநர் என்றுதான் எழுதுகிறோம். புதுச்சேரியில் இருப்பவர் துணைநிலை ஆளுநர். அவர் ஒன்றியப் பகுதியின் நிர்வாகி, 239-ஆவது பிரிவின் கீழ் வருகிறவர். மாநில ஆளுநருக்கும் அவருக்கும் அதிகாரம் ஒன்றல்ல. புதுச்சேரியில் நடந்ததைக் காட்டி "ஆளுநருக்கு இந்த அதிகாரம் உண்டு" என்று சென்னையைப் பற்றி வாதாடும் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், அந்தத் தேதியில் பதவியில் இருந்தவர் யார் என்று பாருங்கள். நீட் விலக்கு மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது 2021 செப்டம்பர் 13-இல். ஆர்.என்.ரவி ஆளுநராகப் பதவியேற்றது செப்டம்பர் 18-இல். ஐந்தே நாள் இடைவெளி. இருந்தாலும் மசோதா நிறைவேறிய அன்று இருந்தவர் வேறொருவர்.

பதவிக்காலம் பற்றிய கூற்றுகளும் இங்கேதான் வரும். "ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது, இனி அவர் போடும் கையெழுத்து செல்லாது" என்பார்கள். 156-ஆவது பிரிவைப் படித்தால் தெரியும்: ஐந்து ஆண்டு முடிந்தாலும் அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை அவர் தொடர்வார். அதே பிரிவின்படி, குடியரசுத் தலைவர் விரும்பும்வரைதான் அவர் பதவியில் இருக்க முடியும். சட்டப்பேரவை தீர்மானம் போட்டு ஆளுநரை நீக்க வழி கிடையாது. அமெரிக்க மாகாணங்களில் ஆளுநர் மக்கள் ஓட்டில் வருகிறவர், அங்கே சட்டமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்ய முடியும். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வினைச்சொல்லைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், இந்தப் பகுதி நிற்கட்டும்.

பேரவை நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் வந்தால் அவர் என்ன செய்யலாம் என்பதை 200-ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்புதல் தரலாம். ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம். குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். பண மசோதாவாக (வரி, அரசுச் செலவு பற்றியது) இல்லாவிட்டால், மறுபரிசீலனை கேட்டுப் பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். அப்படித் திருப்பி அனுப்பியதைப் பேரவை திருத்தத்துடனோ திருத்தமில்லாமலோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது.

இப்போது செய்தித் தலைப்புகளைப் பாருங்கள். "நிராகரித்தார்", "கிடப்பில் போட்டார்", "முடக்கினார்", "தூக்கி எறிந்தார்", "கைவிரித்தார்". இவற்றில் ஒன்றுகூட 200-ஆவது பிரிவில் இல்லை. உங்கள் வேலை, தலைப்பில் உள்ள வினைச்சொல்லை எடுத்துவிட்டு, நடந்ததற்கு உரிய வினைச்சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது.

நீட் மசோதாவுக்கே வருவோம். 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8-இல் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. அதே ஆண்டு மே மாதம் அது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்குச் சென்றது. 2025 ஏப்ரல் 4-இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாகப் பேரவையில் அறிவித்தார். ஆக, "ஆளுநர் நிராகரித்தார்" என்ற வரி பிழை. அவர் ஒருமுறை திருப்பி அனுப்பினார், அப்புறம் மேலே அனுப்பினார். மறுப்பு வந்தது டெல்லியிலிருந்து. "ஆளுநர் அதை அனுப்பவே இல்லை" என்று சொல்பவரும் பிழைதான். அனுப்புவதற்கு முன் எத்தனை மாதம் கையில் வைத்திருந்தார், அது நியாயமா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்பவருக்கு மேலே உள்ள தேதிகள் உதவும்.

"கிடப்பில் போட்டார்" என்ற கூற்றை நாள் கணக்காக மாற்றுங்கள். மசோதா ஆளுநர் மாளிகைக்குச் சென்ற தேதி, அங்கிருந்து வெளியே வந்த தேதி. இடையில் எத்தனை நாள்? அதை எழுதினால் போதும். கிடப்பா, நிதானமா என்று படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்

2023 நவம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் தேதி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்தி வைத்து ஆளுநர் திருப்பினார். 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் பேரவை அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. 28-ஆம் தேதி ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, அப்படி ஒதுக்கியது செல்லாது என்றும் பத்தும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றும் தீர்ப்பளித்தது.

இந்த நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், "மசோதா திரும்பி வந்ததும் அரசு எதுவும் செய்யவில்லை" என்ற பதிவும், "ஆளுநர் பத்து மசோதாவையும் முதலிலேயே டெல்லிக்கு அனுப்பிவிட்டார்" என்ற பதிவும் ஒரு நிமிடத்தில் விழுந்துவிடும். பத்தும் ஒரே ஆட்சியின் மசோதாக்கள் என்பதும் சரியல்ல. சில 2020-இல், அதற்கு முந்தைய ஆட்சியில் நிறைவேறியவை.

தேதியில் மணியும் முக்கியம். 2023 ஜூன் 29 மாலை, அமைச்சர் செந்தில் பாலாஜியை அமைச்சரவையிலிருந்து நீக்குவதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. அன்று இரவே அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று மாலையில் வந்த செய்தியின் படம் இன்றும் சுற்றுகிறது. படம் போலியல்ல. அதை மட்டும் பார்த்தவருக்கு நடந்தது தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று: தேதி வரிசையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஆளுநர்கள் மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் கால வரம்பு வேண்டும் என்று 2023 ஏப்ரல் 10-இல் பேரவை தீர்மானம் போட்டது. அதே நாளில்தான் இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தந்த செய்தி வெளியானது. "தீர்மானத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டார்" என்று அன்றே எழுதினார்கள். தீர்மானமும் ஒப்புதல் செய்தியும் ஒரே நாளில் வந்தன என்று நீங்கள் உறுதியாக எழுதலாம். பயந்தாரா என்பதற்கு உங்களிடம் ஆவணம் கிடையாது. அதை எழுதாதீர்கள்.

மூல ஆவணம் எங்கே கிடைக்கும்?

மசோதா சட்டமானதா என்ற கேள்விக்குத் தமிழ்நாடு அரசிதழைவிட நல்ல சான்று இல்லை. சட்டம் வெளியாகும்போது அதன் தலைப்பில், இந்தச் சட்டம் இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது என்று ஒரு வரி இருக்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்திருந்தால் அவர் பெயர் இருக்கும். சட்டத் தமிழில் ஒப்புதலை "இசைவு" என்றும் எழுதுவார்கள், தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் வெளியான அந்தப் பத்துச் சட்டங்களில் இந்த வரி வேறு மாதிரி இருந்தது: உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படுவதாக. அந்த ஒரு வரியைப் படித்தவர், "ஆளுநர் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்று எழுதமாட்டார்.

அரசாணைகள் அரசு இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். எண்ணும் தேதியும் துறையும் இல்லாத அரசாணைப் படத்தை நம்ப வேண்டாம். ஆளுநர் மாளிகையின் செய்திக்குறிப்புகள் அவர்களுடைய தளத்தில் வரும். 2025 இறுதியில் ராஜ்பவன்களுக்கு லோக் பவன் என்று பெயர் மாற்றப்பட்டதால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். மாநிலங்களில் நிலுவையில் உள்ள மசோதாக்கள் குறித்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உள்துறை அமைச்சகம் எழுத்தில் பதில் தரும். அதுவும் பொதுவில் கிடைப்பதுதான்.

எதுவும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பயனில்லை. "இந்த மசோதா உங்கள் அலுவலகத்துக்கு வந்த தேதி எது, வெளியே சென்ற தேதி எது" என்று கேளுங்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர முடியும்.

பேரவை உரை: பேசியதா, பதிவானதா?

ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் ஆளுநர் உரையாற்ற வேண்டும் என்கிறது 176-ஆவது பிரிவு. அந்த உரையை எழுதித் தருவது அமைச்சரவை. அதில் வரும் "எனது அரசு" என்ற சொல்லை வெட்டியெடுத்து, "ஆளுநரே இந்த ஆட்சியைப் பாராட்டிவிட்டார்" என்று ஆட்சியில் இருப்பவர்கள் வீடியோ போடுவார்கள். எந்தக் கட்சி ஆட்சியிலும் இது நடக்கும். அது அரசு தன்னைப் பற்றி எழுதியது, ஆளுநர் வாசித்தார், அவ்வளவுதான்.

2023 ஜனவரி 9-இல் நடந்தது இன்னும் சிக்கலானது. அச்சிட்டுத் தந்த உரையில் பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா ஆகியோரின் பெயர்கள் வரும் பகுதியை ஆளுநர் வாசிக்காமல் விட்டார். உடனே முதலமைச்சர், அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. ஆளுநர் அவையைவிட்டு வெளியேறினார். இப்போது ஒருவர் "ஆளுநர் உரையில் பெரியார் பெயர் இருக்கிறது" என்கிறார். அவைக்குறிப்பைத் திறந்தால் இருக்கிறது. இன்னொருவர் "ஆளுநர் பெரியார் பெயரைச் சொல்லவே இல்லை" என்கிறார். வீடியோவைப் போட்டால் அதுவும் சரி. இந்த மாதிரி இடத்தில் சரி, தவறு என்று முத்திரை குத்தாமல் இரண்டு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பேரவைக்கு வெளியே பேசியதைச் சரிபார்க்கும்போது முழு வீடியோவைக் கேளுங்கள், முடிந்தால் பேசிய மொழியிலேயே. 2023 ஜனவரி 4-இல் ஒரு நிகழ்ச்சியில் "தமிழகம்" என்பதே பொருத்தமான சொல் என்ற பொருளில் ஆளுநர் பேசினார். மாநிலத்தின் பெயரை மாற்றச் சொன்னார் என்று செய்தி பரவியது. அப்படிப் புரிந்துகொள்வது தவறு என்று ஜனவரி 18-இல் விளக்க அறிக்கை தந்தார். "தமிழகம் பொருத்தம்" என்று பேசியது பதிவில் இருக்கிறது. "பெயரை மாற்றக் கோரினார்" என்பது அதற்கு மற்றவர்கள் தந்த பொருள், அதை அவர் மறுத்திருக்கிறார். மூன்றையும் எழுதினால்தான் கட்டுரை முழுமை.

தொலைக்காட்சிகளின் பெயரில் வரும் நியூஸ் கார்டுகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கார்டில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு, அந்தத் தொலைக்காட்சியின் பக்கத்தில் அன்றைய பதிவுகளைக் கீழே இறக்கிப் பாருங்கள். எழுத்துரு மாறியிருக்கும், சந்திப்பிழை இருக்கும், பல நேரம் அதே படத்தில் வேறு வாசகத்துடன் அசல் கார்டே கிடைத்துவிடும்.

பணம், வழக்கு

ஆளுநரின் மாதச் சம்பளம் 3.5 லட்சம் ரூபாய், 2018-இல் திருத்தப்பட்டது. சம்பளமும் படிகளும் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் போகும். பேரவை அதை விவாதிக்கலாம், ஓட்டெடுப்புக்கு விட முடியாது. மாளிகைச் செலவு பற்றி ஒரு தொகை சொன்னால், அது வரவு செலவுத் திட்டத்தின் மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, செலவான கணக்கா என்று பாருங்கள். ஒதுக்கியதைச் "செலவழித்தார்" என்று எழுதுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

"ஆளுநர் மீது வழக்கே போட முடியாது" என்பது பாதி உண்மை. பதவியில் இருக்கும்போது குற்ற வழக்கு நடத்த 361-ஆவது பிரிவு தடை விதிக்கிறது, அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்காக அவர் நேரில் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் எடுத்த முடிவு செல்லுமா என்பதை நீதிமன்றம் ஆராயலாம். 2025 ஏப்ரல் தீர்ப்பே அப்படி வந்ததுதான்.

நீதிமன்றச் செய்திகளில் இன்னொரு கவனம் வேண்டும். 2025 நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்துரை தந்தது. ஆளுநருக்கு நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது என்ற வழியும் இல்லை என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் மசோதாவை வைத்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று பரப்பினார்கள். அதே கருத்துரை, காரணமில்லாமல் நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தால் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம் என்றும், திருப்பி அனுப்பாமல் வெறுமனே ஒப்புதலை நிறுத்தி வைக்க முடியாது என்றும் சொல்கிறது. தலைப்பில் நின்றுவிடாமல் கடைசிப் பக்கங்களில் உள்ள விடைகளைப் படியுங்கள், அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தனித்தனியாக இருக்கும்.

எழுதும்போது

தமிழ்நாடு அரசுக்குத் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது, ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டையும் படியுங்கள். ஆனால் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான சண்டையில் ஒன்று வாதியின் வீடு, மற்றது பிரதிவாதியின் வீட்டுக்குப் பக்கம். அவர்கள் காட்டும் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.

பதிவு போட்டவரிடம் ஆதாரம் கேளுங்கள். ஆளுநர் மாளிகைக்கும் சம்பந்தப்பட்ட துறைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை என்று எழுதுங்கள்.

கண்ட முடிவை எழுதும்போது முதல் வரியில் கூற்று, இரண்டாம் வரியில் கண்டுபிடித்தது, அதன் கீழே தேதிகள். எழுதிய நாளையும் கட்டாயம் போடுங்கள். இன்று பேரவையில் இருக்கும் மசோதா அடுத்த மாதம் டெல்லியில் இருக்கலாம், நீங்கள் எழுதிய "நிலுவையில் உள்ளது" என்ற சொல் அன்றைக்குப் பொய்யாகிவிடும். நான் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். புதிய தேதி ஒன்று வந்ததும் தாளில் ஏற்றுவேன், அப்புறம் பழைய கட்டுரையைத் திறந்து, எதைத் திருத்தினேன் என்று தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி சேர்ப்பேன்.